நாலாண்டுச் சவுக்கு

நெல்லில் புதிய வகையொன்றை உருவாக்க முனைகிற ஆய்வாளர் தம் பணிக்காலத்துக்குள் ஐம்பது அறுபது பட்டங்களைப் பார்த்துவிடுகிறார். ஒரு பட்டத்தில் நேர்ந்த பிழையை அடுத்த பட்டத்தில் திருத்தியும் விடுகிறார். தேக்கை ஆராய்கிறவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் நடும் கன்று முதிர்ந்து வெட்டுக்கு வருவதற்கு அறுபது ஆண்டுகள்கூட ஆகலாம் என்பதால், தாம் எடுத்த முடிவு சரியா தவறா என்பதை அறியாமலே அவர் ஓய்வு பெறுகிறார். வனத் தொழில் ஆராய்ச்சியைப் பிற துறைகளின் ஆராய்ச்சியிலிருந்து பிரித்துக் காட்டுவது இந்தக் காலக் கணக்குதான். மரம் விளையும் காலத்தைச் சுருக்குவது, வெட்டிய மரம் உளுத்துப்போகும் காலத்தைத் தள்ளிப்போடுவது என்ற இரண்டு முயற்சிகளைத் தொடர்ந்து சென்றாலே இந்தியாவில் இத்துறை நடந்துவந்த நூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்ட வழியின் பெரும்பகுதி தெரிந்துவிடும். அந்த முயற்சிகளில் ஈட்டிய ஒவ்வோர் ஆண்டுக்கும் கொடுக்க நேர்ந்த விலையையும் சேர்த்து எழுதினால்தான் அது நேர்மையான வரலாறாகும்.

மலபார் ஆட்சியராக இருந்த கனோலி 1840களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போடத் தொடங்கியபோது, கப்பல் கட்டும் மரத்துக்குக் காட்டை மட்டுமே நம்பியிருக்க முடியாது என்ற கவலைதான் அதற்குக் காரணமாக இருந்தது. தேக்கின் விதை தடித்த ஓட்டுக்குள் அடைபட்டிருப்பதால் அதை முளைக்க வைப்பதே முதல் தடையாயிற்று. சாத்து மேனன் என்பவரின் மேற்பார்வையில் தோட்டம் நிலைபெற்றது. 1846இல் நடப்பட்ட ஒரு பகுதி கனோலியின் பெயரால் இன்றும் நிற்கிறது. 1855இல் கொல்லப்பட்ட கனோலி, தாம் நடுவித்த மரங்களைச் சிறு மரங்களாக மட்டுமே கண்டிருப்பார்.

அதன்பின் நிறுவனங்கள் வந்தன. 1864இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் டீட்ரிச் பிராண்டிஸ் வனத்துறையின் முதல் தலைமை ஆய்வாளரானார். 1906இல் டேராடூனில் வன ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1912இல் கோயம்புத்தூரில் சென்னை வனக் கல்லூரி உருவாயிற்று. கப்பல், தண்டவாளக் கட்டை, தந்திக் கம்பம் ஆகியவையே அக்கால ஆராய்ச்சியின் கேள்விகளைத் தீர்மானித்தன. காட்டில் வாழ்ந்தவர்களின் தேவையிலிருந்து கேள்வி எழுந்ததாகப் பெரும்பாலும் சொல்ல முடியாது. ஆயினும் அந்தக் கேள்விகளில் ஒன்றுக்கு டேராடூனில் கிடைத்த விடை உலகம் முழுவதும் பரவியது.

உப்பேற்றிய மரம்

மண்ணில் ஊன்றிய மரக் கம்பம் முதலில் கெடுவது தரைமட்டத்தில்தான். அங்கே ஈரமும் காற்றும் ஒருங்கே கிடைப்பதால் பூஞ்சை வளர்கிறது, கறையானும் வந்து சேர்கிறது. தேக்கு, தேவதாரு போன்ற மரங்களின் வைரப் பகுதியில் இயல்பாகவே உள்ள வேதிப்பொருள்கள் இவற்றை எதிர்க்கின்றன. மலிவான மரங்களில் அந்தக் காப்பு இல்லை. நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கும் கிரியோசோட் எண்ணெயை அழுத்தத்தால் மரத்துக்குள் செலுத்தும் முறை ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டிலேயே வழக்கத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அந்த எண்ணெய் நாற்றமும் பிசுக்கும் கொண்டது. நீரில் கரையும் உப்புகளைச் செலுத்தலாம் என்றால், முதல் மழையிலேயே அவை கரைந்து வெளியேறிவிடும்.

டேராடூனில் பணியாற்றிய சோன்டி காமேசன் 1933இல் கண்டுபிடித்த கலவை இந்த முடிச்சை அவிழ்த்தது. அதில் தாமிரம் பூஞ்சையைத் தடுத்தது, ஆர்செனிக் பூச்சிகளைத் தடுத்தது. மூன்றாவதாகச் சேர்ந்த குரோமியம் தானாக எதையும் கொல்வதற்காகச் சேர்க்கப்பட்டதன்று. கரைசலாக உள்ளே செல்லும் குரோமியம் மரத்தின் நார்ப்பொருளோடு வினைபுரிந்து வேறு வடிவத்துக்கு மாறும்போது, தாமிரத்தையும் ஆர்செனிக்கையும் நீரில் கரையாத சேர்மங்களாக மரத்திலேயே பிணைத்துவிடுகிறது. ஆர்செனிக், தாமிரம் ஆகிய தனிமங்களின் குறியீடுகளைச் சேர்த்து ‘ஆஸ்கு’ என்று பெயரிடப்பட்ட இக்கலவை மின்கம்பம், வேலி, படகுத்துறை என்று பல நாடுகளில் பயன்பட்டது. விரைவில் உளுக்கும் மரமும் பல பத்தாண்டுகள் நின்றது.

விலையும் பின்னர் தெரிந்தது. ஆர்செனிக் நஞ்சு என்பது எவருக்கும் தெரியாத செய்தியன்று. அப்படிப் பதப்படுத்திய மரத்தில் குழந்தைகள் விளையாடும் சாதனங்களும் வீட்டு முற்றங்களும் அமைக்கப்பட்டதால் எழுந்த கவலையின் விளைவாக, அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டின் இறுதியோடு வீட்டுப் பயன்பாடுகளுக்கு இக்கலவையை ஏற்றுவது பெரும்பாலும் நிறுத்தப்பட்டது. எனினும் ஒரு கம்பம் இருமடங்கு காலம் நின்றால் அதற்குப் பதிலாக வெட்டப்பட வேண்டிய இன்னொரு மரம் நிற்கிறது என்ற கணக்கையும் மறந்துவிடக் கூடாது. காமேசனின் பெயர் இந்தியப் பள்ளிப் பாடநூல்களில் இடம்பெறத் தகுதியானது.

காட்டிலிருந்து வயலுக்கு

காகிதத் தொழிலின் கதை மூங்கிலில் தொடங்குகிறது. காகிதம் என்பது செல்லுலோசு இழைகள் பின்னிப் பிணைந்த தாள். மரத்திலும் மூங்கிலிலும் அந்த இழைகளை ஒட்டவைத்திருக்கும் லிக்னின் என்ற பசைப்பொருளைக் கரைத்தால்தான் இழைகள் தனித்தனியே பிரியும். மூங்கிலில் மாவுப்பொருளும் பிசினும் லிக்னினோடு கலந்திருப்பதால் எல்லாவற்றையும் ஒரே வேகலில் கரைக்க முயன்றபோது கூழ் கறுத்தது. டேராடூனில் வில்லியம் ரெய்ட் இவற்றை மென்மையான வேகலிலும் கடுமையான வேகலிலுமாக அடுத்தடுத்துப் பிரிக்கும் முறையை வகுத்தார். இந்தியக் காகித ஆலைகள் பல பத்தாண்டுகள் மூங்கிலை நம்பி இயங்க முடிந்ததில் இந்த ஆராய்ச்சிக்கும் பங்கு உண்டு.

அந்த வெற்றியே காட்டுக்குச் சுமையாக மாறியது. காட்டு மூங்கில் மலிவாகக் கிடைத்ததால், ஆலைகளுக்கு அதை வளர்க்க வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை ஒரே வட்டாரத்து மூங்கில் முழுவதும் ஒருசேரப் பூத்து மடியும் இயல்பும் ஆலைகளின் கணக்கைக் குலைத்தது. 1988இல் வெளியான தேசிய வனக் கொள்கை, வனம் சார்ந்த தொழிற்சாலைகள் தங்களுக்கு வேண்டிய மூலப்பொருளை விவசாயிகளோடு நேரடி உறவு கொண்டு வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று அறிவித்தது. ஒரு கொள்கை ஆவணத்தின் ஒரே பத்தி ஆராய்ச்சியின் திசையை இவ்வளவு மாற்றிய நிகழ்ச்சிகள் குறைவு. அதுவரை காட்டு மரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பது கேள்வி. அதற்குப் பின் வயலில் நெல்லோடும் கரும்போடும் போட்டியிடக்கூடிய மரம் எது என்பது கேள்வியாயிற்று. கரூர் மாவட்டத்தில் கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு 1979இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் காகித ஆலை உட்பட, மாநிலத்தின் ஆலைகள் மரக்கூழுக்காக விவசாயியின் வாசலுக்கு வந்தன. அதே 1988இல் கோயம்புத்தூரில் வன மரபியல் மற்றும் மர இனப்பெருக்க நிறுவனம் அமைந்தது. மரங்களின் மரபியலை முதன்மைப் பணியாகக் கொண்ட அந்த நிறுவனம், கடலூர், விழுப்புரம் கடலோர விவசாயிகள் ஏற்கெனவே வளர்த்துவந்த ஒரு மரத்தைக் கையில் எடுத்தது.

சவுக்கின் உடல்

சவுக்கு தமிழ்நாட்டுக்கு வந்த மரம். கேசுவரினா ஈக்விசெட்டிஃபோலியா என்ற இவ்வினம் தென்கிழக்காசியா, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் ஆகியவற்றின் கடற்கரைகளுக்கு உரியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், ரயில் எஞ்சின்களுக்கும் நகரங்களுக்கும் விறகு வேண்டி ஆங்கில ஆட்சி இதைக் கடலோர மணலில் பரப்பியது. இதன் விறகு ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 5,000 கிலோ கலோரி வெப்பம் தருகிறது. தீக்குச்சி கிழித்தவுடன் பச்சையாகவே எரியும் என்று விறகுக் கடைக்காரர்கள் சொல்வது சற்றே மிகையெனினும் முழுப்பொய்யன்று. விறகு போக, பந்தல் கால், கட்டடச் சாரம், குடிசைக் கழி என்று சவுக்குக்குத் தமிழ்நாட்டில் எப்போதும் சந்தை இருந்துவந்திருக்கிறது.

இம்மரத்தில் இலை என்று தோன்றுவது இலையன்று. தொங்கும் பச்சை ஊசிகள் உண்மையில் கிளைகளே; அவற்றின் கணுக்களில் வட்டமாக அமைந்த நுண்ணிய பற்களே இலைகள். ஊசியின் கணுவைப் பிரித்துப் பார்த்தால் அந்தப் பற்களைக் கண்ணாலேயே எண்ணலாம். இலைப்பரப்பை இவ்வாறு சுருக்கிக்கொண்டதாலேயே உப்புக்காற்றும் வெயிலும் மிகுந்த மணலில் சவுக்கு தாக்குப்பிடிக்கிறது.

தழைச்சத்து மிகவும் குறைந்த கடல்மணலில் அது எப்படிச் செழிக்கிறது என்பதற்கு விடை வேரில் உள்ளது. அவரைக் குடும்பத்துச் செடிகளின் வேர்முடிச்சில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடி உண்ணும் வடிவுக்கு மாற்றித் தருவதைப் பலரும் அறிவர். சவுக்கு அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அதன் வேரில் பவளக்கொத்துப் போலத் திரளும் முடிச்சுகளில் பிராங்கியா என்ற வேறொரு நுண்ணுயிர் அதே வேலையைச் செய்கிறது. நூலிழைபோல் வளரும் பாக்டீரிய வகையைச் சேர்ந்த இது மிக மெதுவாகப் பெருகுவதால், ஆய்வகத்தில் தனியாக வளர்த்தெடுக்க அறிவியலர் நெடுங்காலம் முயன்றும் 1978இல்தான் முதல் வெற்றி கிடைத்தது; அதுவும் சவுக்கில் அன்று, வட அமெரிக்கப் புதர்ச்செடி ஒன்றின் முடிச்சிலிருந்து. நைட்ரஜனைப் பிடிக்கும் நொதி ஆக்சிஜன் பட்டால் செயலிழந்துவிடும். ஆகவே மற்றச் செடிகளில் பிராங்கியா தன்னைச் சுற்றித் தானே ஒரு காப்புறை அமைத்துக்கொள்கிறது. சவுக்கிலோ மரமே தன் உயிரணுச் சுவர்களைத் தடிமனாக்கி ஆக்சிஜனை மட்டுப்படுத்தி, நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான புரதத்தையும் அந்த இடத்தில் வைத்துக்கொள்கிறது. இந்த வேதியியலை அறியாமலே, பழைய சவுக்குத் தோப்பின் அடிமண்ணை அள்ளி வந்து நாற்றங்காலில் கலக்கும் பழக்கத்தை நாற்றுப் பண்ணைக்காரர்கள் கைக்கொண்டிருந்தனர். அந்த மண்ணோடு பிராங்கியாவும் வந்தது. ஆய்வகம் பின்னர் செய்தது, அந்த நுண்ணுயிரைத் தூய்மையாக வளர்த்து, நோய்க்கிருமிகள் கலவாத உரமாகத் தந்ததே.

தேர்ந்தெடுப்பும் கலப்பும்

சவுக்குத் தோப்பில் நிற்கும் ஆயிரம் மரங்களில் ஒன்று மட்டும் பருத்து நெடிதாக இருந்தால், அதன் விதையை எடுத்து விதைக்கலாம் என்றே எவரும் நினைப்பர். மரபியல் அங்கேதான் குறுக்கிடுகிறது. அந்த மரம் தோப்பின் ஓரத்தில் நின்று கூடுதல் வெளிச்சம் பெற்றிருக்கலாம். எருக்குழி இருந்த இடத்தில் வேர் பாய்ந்திருக்கலாம். அதன் பருமன் தாய்தந்தையரால் வந்ததா மண்ணால் வந்ததா என்பது பார்வையால் தெரியாது. எனவே ஆய்வாளர்கள் ஓர மரங்களைத் தள்ளி, சூழ நிற்கும் மரங்களோடு ஒப்பிட்டு, ஒப்பீட்டிலும் விஞ்சி நிற்பதை மட்டும் ‘மேம்பட்ட மரம்’ என்று குறித்துக்கொள்கின்றனர். அதன் பிள்ளைகளைப் பல ஊர்களில், பல மண்களில், ஒவ்வோர் இடத்திலும் பல முறை கலைத்துப் போட்டு நட்டு அளந்த பிறகே, வேறுபாட்டில் எவ்வளவு பங்கு மரபுக்கு உரியது என்ற எண் கிடைக்கிறது. மரபுவழிப் பேறு எனப்படும் அந்த எண் சிறியதாக இருந்தால் எவ்வளவு தேர்ந்தெடுத்தாலும் அடுத்த தலைமுறை அதிகம் முன்னேறாது.

தமிழ்நாட்டுச் சவுக்கில் இன்னொரு சிக்கலும் இருந்தது. நூற்றாண்டுக்கு முன் சில இடங்களிலிருந்து வந்த விதையே தோப்புக்குத் தோப்பு பெருகியதால் மரபு வளம் குறுகியிருந்தது. குறுகிய கூட்டத்துக்குள்ளேயே தேர்ந்தெடுத்துக்கொண்டு போனால் சில தலைமுறைகளில் தேர்ந்தெடுப்பதற்கு வேறுபாடே இல்லாமல் போய்விடும். 1990களில் பல நாடுகள் ஆஸ்திரேலிய ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து, சவுக்கு இயல்பாக வளரும் வெவ்வேறு கடற்கரைகளிலிருந்து விதை சேகரித்து ஒப்பு நடவு செய்தன. கோயம்புத்தூர் நிறுவனமும் அதில் பங்கெடுத்து, தாய்லாந்திலிருந்தும் பசிபிக் தீவுகளிலிருந்தும் வந்த வகைகளை உள்ளூர் வகைகளோடு நிறுத்திப் பார்த்தது.

அதோடு கேசுவரினா ஜங்ஹூனியானா என்ற உறவினமும் வந்தது. ஜாவாவை ஆராய்ந்த இயற்கையியலாளர் ஃபிரான்ஸ் ஜங்ஹூன் பெயரைத் தாங்கிய இம்மரம் கடற்கரைக்கு உரியதன்று. ஜாவா, பாலி, திமோர் தீவுகளின் எரிமலைச் சரிவுகளில் வளர்வது. நேராக நெடிதுயர்வதும், வறட்சியைக் கூடுதலாகத் தாங்குவதும், வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்ப்பதும் இதன் சிறப்பு. கடலோரச் சவுக்கு வெட்டியபின் நன்றாகத் துளிர்ப்பதில்லை. இரண்டையும் இணைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்குத் தாய்லாந்து முன்பே ஒரு விடை வைத்திருந்தது. அங்கு நெடுங்காலமாகப் பயிராகிவந்த கலப்பினச் சவுக்கு ஒரே ஓர் ஆண்மரத்திலிருந்து பதியன் வழியாகப் பெருகியது. பெண்மரமே இல்லாததால் விதை கிடையாது, ஆயினும் விவசாயிகள் அதைக் கைவிடவில்லை.

கோயம்புத்தூரில் நடந்தது திட்டமிட்ட கலப்பு. சவுக்கு காற்றால் மகரந்தச் சேர்க்கை பெறும் மரம். ஆண்பூவும் பெண்பூவும் பெரும்பாலும் தனித்தனி மரங்களில் தோன்றும். வேண்டாத மகரந்தம் படியாமல் பெண்பூங்கொத்தைப் பையிட்டு மூடி, தேர்ந்த ஆண்மரத்தின் மகரந்தத்தை உள்ளே செலுத்தி, காய் முற்றியபின் சிறகுள்ள மிகச் சிறிய விதைகளைப் பிரித்து, முளைத்த ஒவ்வொரு கன்றையும் தனித்தனியே பதிந்து, வெவ்வேறு மாவட்டங்களில் வளர்த்துப் பார்த்து, மிகச் சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழிக்க வேண்டும். வேலை எளிமையானதாகத் தோன்றினாலும், ஒரு கலப்பு வயலுக்கு வந்து சேர்வதற்குள் பத்தாண்டுகளுக்குக் குறையாமல் ஆகிவிடுகிறது.

தேர்ந்த ஒரு மரத்தின் குணம் விதை வழியே சிதறிவிடும் என்பதால், அதை அப்படியே பெருக்கும் வழி தேவைப்பட்டது. இதில் பிரேசிலின் அராக்ரூஸ் நிறுவனம் முன்னோடி. யூகலிப்டஸ் தோட்டங்களைப் பட்டைப் புற்றுநோய் தாக்கியபோது, நோய் தாக்காமல் நின்ற மரங்களை வெட்டி, அடிக்கட்டையில் துளிர்த்த இளங்கொப்புகளை வேர்விடச் செய்து, லட்சக்கணக்கில் பெருக்கிய அந்த அறிவியலர் குழுவுக்கு 1984இல் மார்கஸ் வாலன்பெர்க் பரிசு வழங்கப்பட்டது. முதிர்ந்த மரக்கிளை வேர்விடாது. அடிக்கட்டைத் துளிரில் இளமை மீள்கிறது என்பதே அவர்கள் பற்றிக்கொண்ட உண்மை. ஒரே மரத்திலிருந்து பதியமிட்டு எடுத்த, மரபில் ஒரு வேறுபாடும் இல்லாத கன்றுகளின் கூட்டமே குளோன். அன்றைய ஆந்திரத்தின் பத்ராசலம் ஆலை இதே வழியில் யூகலிப்டஸ் குளோன்களை உருவாக்கி விவசாயிகளுக்குத் தந்தது.

சவுக்கில் இந்தத் தொழில்நுட்பம் இன்னும் எளிதாயிற்று. தாய்ச்செடியின் பச்சை ஊசிக்கொத்திலிருந்து விரல்நீளக் கொழுந்தைக் கிள்ளி, வேர்த்தூண்டி எனப்படும் ஊக்கிப் பொடியில் அடிநுனியைத் தோய்த்து, தேங்காய் நார்க்கழிவு நிரப்பிய குழிக்குப்பியில் செருகி, ஈரப்பதம் குறையாத பாலித்தீன் கூடாரத்தில் வைத்தால் சுமார் மூன்று வாரங்களில் வேர் பிடித்துவிடுகிறது. மின்சாரமும் விலையுயர்ந்த கருவியும் தேவையில்லாததால், இந்த முறை ஆய்வகத்தை விட்டுக் கிராமத்து நாற்றுப் பண்ணைகளுக்குப் போயிற்று. வனத் தொழிலில் நிகழ்ந்த புதுமைகளில் எவை நிலைத்தன என்று பார்த்தால், விவசாயி தம் கொல்லையிலேயே செய்துகொள்ள முடிந்தவையே பெரும்பாலும் நிலைத்திருக்கின்றன. சவுக்குக் குளோன் அதற்கு நல்ல சான்று.

விதைக்கன்றாக நட்டபோது வெட்டுக்கு ஐந்து ஆறு ஆண்டுகள் காத்திருந்த விவசாயிக்கு, நீர் பாயும் நிலத்தில் தேர்ந்த குளோன் மூன்று நான்கு ஆண்டுகளிலேயே பலன் தருகிறது. முன்பு ஒரு மீட்டருக்கு ஒன்று என ஏக்கருக்கு நாலாயிரம் கன்றுகளை நெருக்கி நட்டவர்கள், இப்போது ஒன்றரை மீட்டர் இடைவெளியில் ஆயிரத்து எண்ணூறு கன்றுகள் வரை நடுகின்றனர். முதல் ஆண்டில் வரிசைகளுக்கு இடையே மல்லாட்டையும் உளுந்தும் தர்ப்பூசணியும் விளைகின்றன. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி, கன்று தரும் பண்ணை, வாங்கும் ஆலை, கடன் தரும் வங்கி, நடும் விவசாயி ஆகியோரை ஒப்பந்தத்தால் பிணைக்கும் ஏற்பாட்டைச் சவுக்கோடு மலைவேம்பு போன்ற மரங்களுக்கும் விரித்திருக்கிறது. இதுவும் ஆராய்ச்சியின் ஒரு கூறே. வாங்குவோர் இல்லாத மேம்பட்ட மரம் விறகாகத்தான் முடியும்.

கடனின் கணக்கு

இனி விலை. நான்கு ஆண்டு மரத்தின் கட்டை இளங்கட்டை. அடர்த்தி குறைவு, பட்டையின் பங்கு கூடுதல். ஆலைக்கு வேண்டியது கூழ், விவசாயிக்குப் பணம் கிடைப்பதோ எடைக்கு. ஒரு டன் கட்டையிலிருந்து எவ்வளவு கூழ் வரும் என்பதை அகச்சிவப்பு ஒளிக்கதிரைக் கொண்டு மரத்தூளை ஆராய்ந்தே விரைவாக மதிப்பிடும் முறை உலகெங்கும் மர ஆய்வுகளில் வழக்கத்துக்கு வந்துவிட்டது. ஆனால் நல்ல கூழ் தரும் குளோனை நடுகிறவருக்கு எடைமேடையில் ஒரு ரூபாயும் கூடுதலாக வராத வரை, அந்தக் குணத்துக்காக யாரும் கன்று வாங்கப்போவதில்லை. ஆராய்ச்சியின் பலன் பாதி வழியில் நின்றுபோவது இத்தகைய இடங்களில்தான். மண்ணும் கணக்குக் கேட்கிறது. கட்டை ஆலைக்கும் சுள்ளி அடுப்புக்கும் போய், உதிர்ந்த சருகையும் வாரி எடுத்துவிட்டால், பிராங்கியா தரும் தழைச்சத்து மட்டும் போதாது. சுண்ணாம்புச்சத்தும் மணிச்சத்தும் வெட்டுக்கு வெட்டு வயலை விட்டு வெளியேறுகின்றன.

ஒரே மரபுக் கன்றுகளின் பெரும் ஆபத்தை யூகலிப்டஸ் காட்டிக்கொடுத்தது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த லெப்டோசைப் இன்வேசா என்ற ஒரு சிறு குளவி, இளந்தளிரின் நடுநரம்பிலும் காம்பிலும் முட்டையிட்டுக் கட்டிகளை உண்டாக்குகிறது. கட்டி நிறைந்த கன்று வளைந்து, குறுகி, வளர்ச்சி நின்றுவிடுகிறது. 2004இல்தான் அறிவியலர் இதற்குப் பெயரிட்டனர். அதே பத்தாண்டில் இது தென்னிந்தியத் தோட்டங்களைச் சூழ்ந்துவிட்டது. இந்தக் குளவியின் பெண், ஆணின் துணையில்லாமலே பெண்களை ஈனக்கூடியது. ஒரே அச்சில் வார்த்த மரங்களை ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்த பூச்சி வந்து தின்றது என்று சொன்னால் மிகையாகாது. அதன் தாயகத்தில் அதை அடக்கிவைக்கும் வேறொரு ஒட்டுண்ணிக் குளவியைத் தேடிக் கண்டு, வளர்த்து, வயல்களில் வெளியிட்டபின் தாக்குதல் தணிந்தது. அதற்குள் பல விவசாயிகள் யூகலிப்டஸை விட்டுச் சவுக்குக்கு மாறியிருந்தனர். ஒரு மரத்தின் பூச்சி இன்னொரு மரத்தின் பரப்பைப் பெருக்கிய கதை இது.

சவுக்குக்கும் எதிரி உண்டு. பட்டைக்கொப்புளம் என்ற பூஞ்சை நோய், பட்டைக்கடியில் கொப்புளம்போலப் புடைத்து வெடித்து, கரிப்பொடி போன்ற வித்துகளை உதிர்த்து, மரத்தைக் காய்ந்துபோகச் செய்கிறது. இந்தப் பூஞ்சைக்கு அயர்லாந்துப் பூஞ்சையியலாளர் பட்லர் இட்ட பெயர் பின்னர் திருத்தப்பட்டு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் பூஞ்சையியல் அறிஞர் சி. வி. சுப்பிரமணியன் நினைவாகச் சுப்பிரமணியனோஸ்போரா என்ற பேரினத்தில் வைக்கப்பட்டுள்ளது. நோயை எதிர்க்கும் குளோன் இருக்கிறதா என்று தேடுவது ஒருபுறமிருக்க, வயலில் எது எந்தக் குளோன் என்பதே தெரியாமல் போவது இன்னொரு தொல்லை. பண்ணைக்குப் பண்ணை கைமாறும்போது பெயர்ச்சீட்டு மாறிவிடுகிறது. நல்ல பெயர் எடுத்த குளோனின் பெயரில் எதையும் விற்க முடிகிறது. மரபணுத் தொடரில் குறிப்பிட்ட இடங்களை ஒப்பிட்டு ஒரு கன்றின் அடையாளத்தை உறுதிசெய்யும் முறையைக் கோயம்புத்தூர் நிறுவனம் வகுத்திருக்கிறது. கைரேகை பார்ப்பதற்கு ஒப்பான இச்சோதனை, நாற்றுப் பண்ணையின் நேர்மையைச் சோதிக்கவும் பயன்படக்கூடியது.

காற்றும் ஒரு தேர்வாளர். 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயல் கடலூர், புதுச்சேரிப் பகுதியில் முந்திரி, பலாவோடு சவுக்குத் தோப்புகளையும் முறித்துத் தள்ளியது. விரைவாக நெடிதுயரும் மரத்தைத் தேடியபோது, புயலில் ஒடியாத மரத்தையும் தேட வேண்டியிருப்பதை அது நினைவூட்டியது. மாறாக, வாழைத் தோட்டத்தைச் சுற்றிக் காற்றரணாக நிற்பதற்கென்றே அடர்ந்த கிளையுள்ள குளோன்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பது, கூழுக்காகத் தொடங்கிய ஆராய்ச்சி எதிர்பாராத பயனைத் தந்ததற்குச் சான்றாகும்.

ஆனால் 2004 ஆழிப்பேரலைக்குப் பின் அதே காற்றரண் வாதத்தை நீட்டிக் கடற்கரை மணல்மேடெங்கும் சவுக்கை நட்டது சரியன்று. அடும்பும் இராவணன் மீசையும் பிடித்துவைத்திருந்த மணல்மேட்டில் சவுக்குச் சருகு மூடும்போது கீழே எதுவும் முளைப்பதில்லை. முட்டையிட வரும் பங்குனி ஆமைக்குத் திறந்த மணல் இல்லாமல் போகிறது. சூழலியலாளர்களின் இக்குறையை வனத்துறை செவிமடுப்பதே முறை. சவுக்குக்கு உரிய இடம் விவசாயியின் வயல். அங்கே வளரும் ஒவ்வொரு டன் கட்டையும் காட்டிலிருந்து வெட்டத் தேவையில்லாத கட்டை என்பதே அதற்கான நியாயம். தோப்பைக் காடு என்று கணக்கெழுதும் வழக்கம் அந்த நியாயத்தையே கெடுத்துவிடும்.

கன்று வாங்கச் செல்கிற விவசாயி, விலையைக் கேட்பதற்கு முன் குளோனின் பெயரையும் அது எந்தத் தாய்ச்செடித் தோட்டத்திலிருந்து வந்தது என்பதையும் கேட்க வேண்டும். தம் காணி முழுவதையும் ஒரே குளோனால் நிரப்பாமல், குறைந்தது மூன்று வகைகளைத் தனித்தனி வரிசைத் தொகுதிகளாக நட்டு, எந்தத் தொகுதியில் எது நிற்கிறது என்பதை எழுதிவைத்துக்கொள்வது நல்லது. நான்காம் ஆண்டு வெட்டும்போது ஒவ்வொரு தொகுதியின் எடையையும் தனியாகக் குறித்து அருகிலுள்ள ஆராய்ச்சி நிலையத்துக்குத் தெரிவித்தால், அடுத்த கலப்புக்கு எந்த மரத்தை எடுப்பது என்பதை அந்த எண்களும் சேர்ந்து முடிவுசெய்யும்.